வீட்டுப் பை வேறு, யாவாரப் பை வேறு



வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களில் குடும்பக் கூட்டம் வைக்கிறபோதெல்லாம் எங்களிடம் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "கையில கொஞ்சம் காசு இருக்குங்க. என்னா தொழில் செஞ்சா முன்னுக்கு வரலாம்?" கேட்பவர் சில வேளை வேலையிலிருந்து நிற்கப்போகும் பெரியவர். சில வேளை கொழும்பில் கடையில் நின்று திரும்பி வந்த தம்பி. சில வேளை குவைத்திலோ சவூதியிலோ இரண்டு வருடம் வீட்டு வேலை செய்து, கொஞ்சம் காசும் நிறைய இடுப்பு வலியும் கொண்டு வந்த அக்கா.

இன்ன தொழில் என்று பேர் சொல்ல எங்களால் முடியாது. ஆடு வளர்த்து வீடு கட்டியவரையும் தெரியும். அதே லயத்தில் ஆடு வளர்த்துக் கடன்காரராகிப் போனவரையும் தெரியும். இரண்டு பேருடைய ஆடும் ஒரே மலையில்தான் மேய்ந்தது. விற்ற காசை எந்தப் பையில் போட்டார்கள் என்று விசாரித்தபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. இந்த முறைப் பாடம் அந்தப் பையைப் பற்றியது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டால் நல்லது.

போஞ்சிக் கணக்கு

நமக்குப் பழகிய ஒன்றையே எடுப்போம். லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் நிலம். புருஷனும் பெண்சாதியுமாகப் போஞ்சி போடுகிறார்கள். கீழே உள்ள தொகைகள் கணக்குப் பழகுவதற்காக நாங்கள் வைத்தவை. உங்கள் தோட்டத்து விலையைப் போட்டு நீங்களே திருத்திக் கொள்ளுங்கள்.

விதைக்கு 6,000 ரூபா. உரம், மருந்துக்கு 14,000. கொடி ஏற்றுகிற கம்பு, கயிறுக்கு 5,000. சாக்கு, லொறிக்கூலிக்கு 5,000. ஆக மொத்தம் 30,000 ரூபா மண்ணில் போகிறது. இரண்டு மாதம் போல் காத்திருந்து, பிறகு நாலைந்து தடவையாகப் பிய்த்து விற்கிறார்கள். எல்லாம் சேர்த்து 52,000 ரூபா வருகிறது.

"எவ்வளவு லாபம்?" என்று கூட்டத்தில் கேட்டால் பாதிப் பேர் "அம்பத்திரெண்டாயிரம்" என்பார்கள். கொஞ்சம் யோசிக்கிறவர்கள் "இருபத்திரெண்டாயிரம்" என்பார்கள். இரண்டும் சரியில்லை.

புல் வெட்டவும் காய் பிய்க்கவும் அந்த அம்மா எட்டு நாள் வேலைக்குப் போகாமல் நின்றார். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தாலும் 10,800 ரூபா அங்கே போய்விட்டது. மிஞ்சுவது 11,200. புருஷன் அந்தியில் வந்து மண்வெட்டி பிடித்த நேரத்தை இன்னும் யாரும் எண்ணவில்லை. பாடசாலை விட்டு வந்து தண்ணீர் ஊற்றிய பிள்ளையின் நேரமும் அதே கதைதான். நம்முடைய உழைப்பைச் சும்மா கிடைத்தது என்று நினைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. பிரட்டில் அரைப்பேர் குறைந்தால் சண்டை பிடிக்கிறோம். வீட்டில் நாமே நமக்குப் பேர் போடுவதில்லை!

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. 52,000 ரூபாவும் ஒரே நாளில் வரவில்லை. முதல் தடவை 9,000 வந்தது. அன்றைக்குக் கடையில் நின்ற பாக்கி கொடுத்தார்கள். அடுத்த தடவை 14,000. பிள்ளைக்குச் சப்பாத்து, புத்தகப்பை. பிறகு ஒரு பெரிய பிள்ளைச் சடங்கு, அதற்கு மொய். எதுவுமே வீண் செலவில்லை. ஆனால் கடைசிக் காய் பிய்த்து முடிந்தபோது கையில் 3,000 ரூபா. அடுத்த போகத்துக்கு விதை வாங்க வேண்டும், 30,000 வேண்டும். எங்கே போவது? கிழமைக் கடன்காரரிடம்.

அந்த 52,000 ரூபாவுக்குள் 30,000 ரூபா "முதல்". அது மண்ணிலிருந்து திரும்பி வந்த காசு. மண்ணுக்கே திரும்பிப் போக வேண்டிய காசு. அதில் சப்பாத்து வாங்கினால் விதைக் கிழங்கை அவித்துத் தின்ற மாதிரிதான். ஆகவே இரண்டு பை வையுங்கள். பை என்றால் பை. பழைய பால்மாப் பக்கெட்டாக இருந்தாலும் போதும். விற்ற காசு முதலில் யாவாரப் பைக்குள் போக வேண்டும். முதல் முழுவதும் திரும்பிச் சேர்ந்த பிறகுதான் வீட்டுப் பைக்கு ஒரு சதமாவது போகலாம். மேலே சொன்ன கணக்கில், முதல் 30,000 ரூபாவும் வந்து சேரும்வரை அந்த வீட்டார் சம்பளக் காசில்தான் சாப்பிட வேண்டும். கஷ்டம்தான். ஆனால் ஒரு போகம் அப்படிப் பல்லைக் கடித்தால், அடுத்த போகம் யாரிடமும் கை நீட்டத் தேவையில்லை.

விலை நம் கையில் இல்லை

வெலிமடைக் கிழங்குக்கு நாடு முழுக்கப் பேர் உண்டு. ஆனாலும் 1996இல் உருளைக்கிழங்கு இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டை அரசாங்கம் தளர்த்தியபோது, பல வருடம் கிழங்கே போட்டு வாழ்ந்த விவசாயிகள் நிமிர முடியாமல் போனார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது, அந்த வருடம் முடிவதற்குள் தடையை எடுத்துவிட்டாலும், தேயிலையும் மரக்கறியும் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் காலையில் ஒரு விலை, லொறி கூடினால் மத்தியானம் வேறு விலை. கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் இதை மாற்ற முடியாது. "மனசு வைத்தால் எல்லாம் முடியும்" என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு தடவை கோவா மூட்டையோடு அங்கே வந்து நின்று பார்க்க வேண்டும்.

நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. தொழில் தொடங்குமுன் பாதி விலைக்குக் கணக்குப் போடுங்கள். அந்தப் போஞ்சி 52,000க்குப் பதிலாக 26,000க்குத்தான் போனால் என்ன ஆகும்? முதலிலேயே 4,000 நட்டம், உழைப்பு வேறு வீண். அந்த நட்டம் வந்தாலும் வீட்டில் அடுப்பு எரியுமா? எரியும் என்றால் போடுங்கள். எரியாது என்றால் பாதி நிலத்தில் மட்டும் போடுங்கள். மீதியில் வேறு எதையாவது போடுங்கள்.

இதில் நாங்களும் தப்புச் செய்திருக்கிறோம், மறைக்க விரும்பவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் இருபது தாய்மாருக்குக் காளான் வளர்க்கப் பயிற்சி கொடுத்தோம். எல்லோரும் நன்றாகப் படித்தார்கள், நன்றாகவே வளர்த்தார்கள். ஒரே கிழமையில் இருபது வீட்டிலும் காளான் முளைத்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. அந்த மாதம் முழுவதும் அந்த லயங்களில் காளான் கறிதான். வளர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்த நாங்கள், யாருக்கு விற்பது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. இப்போது யார் எந்தத் தொழிலைச் சொன்னாலும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "வாங்கப்போற பத்துப் பேரோட பேரைச் சொல்லுங்க பார்ப்போம்" என்பதுதான்.

சின்னப் பக்கெட்

அப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட் என்று ஓர் இடம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த தொமஸ் லிப்டன் பிறந்தது 1848இல், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில். தாய் தகப்பன் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து சின்னக் கடை வைத்திருந்தவர்கள். பையன் சின்ன வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய்த் தோட்டங்களில் கூலி வேலை செய்தான், பிறகு கடையில் நின்றான். திரும்பி வந்து 1871இல் கிளாஸ்கோவில் தன் சொந்தக் கடையைத் திறந்தான். 1890இல் இலங்கைக்கு வந்து தம்பதன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார்.

அவருக்கு முன்னும் தேயிலை வியாபாரிகள் இருந்தார்கள். அங்கே அப்போது தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பார்கள். விலையும் அதிகம், தரமும் கடைக்காரர் சொல்வதுதான். லிப்டன் இடைத்தரகரை விட்டுவிட்டுத் தோட்டத்திலிருந்தே எடுத்தார். ஒரு இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று பக்கெட் கட்டினார். கிழமைக் கூலி வாங்குகிறவனும் கால் இறாத்தலாவது வாங்கக்கூடிய மாதிரி விலை வைத்தார். வாங்குகிறவன் கையில் எவ்வளவு காசு இருக்கும் என்று கூலிக்காரனாய் இருந்த அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கெட்டுக்குள் போன கொழுந்தைப் பறித்த நம் பாட்டிமாருக்கு அதில் எவ்வளவு கிடைத்தது என்பது தனிக் கதை. அதை மறந்துவிட்டு அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. யாவாரம் எப்படி நடந்தது என்பதை மட்டும் பார்க்கிறோம்.

லயத்தில் சின்னக் கடை வைக்கிற அக்காமார் இதைப் படிக்காமலே செய்கிறார்கள். மிளகாய்த்தூள் ஒரு கிலோப் பையைப் பிரித்து ஐம்பது கிராமாகக் கட்டுகிறார்கள். மாதக் கடைசியில் கையில் நூறு ரூபாதான் இருக்கிறவருக்கு அதுதான் வேண்டும். வறுத்துத் திரித்த வீட்டுத் தூள் என்றால் டவுன் பக்கெட்டைவிட விரும்பி வாங்குவார்கள். ஆனால் கட்டுகிற பைக்கும் காசு, நிறுக்கிற நேரத்துக்கும் காசு. அதையும் விலைக்குள் சேர்க்க வேண்டும்.

"பொஸ்தகத்துல எழுதிக்கங்க அக்கா"

லயத்துக் கடைகள் மூடப்படுவது பெரும்பாலும் விற்காததால் அல்ல. விற்றதற்குக் காசு வராததால்தான். வாங்க வருகிறவர் யார்? நாத்தனார், சின்னம்மா, ஒரே கொழுந்து மலையில் பக்கத்து நிரையில் நிற்கிறவர். இல்லை என்று எப்படிச் சொல்வது? ஓர் அக்கா சொல்கிற விதத்தை நாங்கள் கடையில் நின்று கேட்டோம்.

"அக்கா, மாவு ரெண்டு கிலோ குடுங்க. பொஸ்தகத்துல எழுதிக்கங்க."

"எழுதுறேன் தங்கச்சி. போன மாசத்து ஆயிரத்தி எரநூறு நிக்கிது, அதுக்கு மேல எழுத இது ஏன் காசு இல்லம்மா, கடைக் காசு. ஒரு கிலோவுக்குக் கைக்காசு தா, ஒரு கிலோவ ஏன் வீட்டுலயிருந்து தாறேன்."

"ஒங்க வீட்டுலயிருந்தா?"

"ஆமா. ஏன் வீட்டு மாவு. கடையில நானும் காசு குடுத்துத்தான் வாங்கினேன்."

இந்த அக்கா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கடையிலிருந்து தன் வீட்டுக்குத் தேங்காய் எடுத்தாலும் காசு போட்டுத்தான் எடுக்கிறார். உறவுக்கு உதவ வேண்டுமென்றால் வீட்டுப் பையிலிருந்து உதவுகிறார்; கடைப் பையைத் தொடுவதில்லை. ஆளுக்கு 1,500 ரூபாவுக்கு மேல் கடன் இல்லை என்று கடைக் கதவில் பிள்ளை எழுதிய கடதாசி ஒட்டியிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பதால் யாருக்கும் கோபம் நிலைப்பதில்லை. சம்பள நாளன்று அந்தியில் கொப்பியோடு வாசலில் உட்கார்ந்துவிடுவார். கடன் கேட்கப் போவதாக இல்லை, தேத்தண்ணி கொடுத்துக் கதைப்பதாக. காசு தானாக வருகிறது.

கிழமைக் கடன்

வங்காளதேசத்தில் முகம்மது யூனுஸ் என்ற பேராசிரியர் 1976இல் ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 பேருக்கு மொத்தமாக 27 டொலர் மதிப்புள்ள காசைக் கடனாகக் கொடுத்தார். அதிலிருந்து 1983இல் கிராமீன் வங்கி பிறந்தது, 2006இல் நோபல் சமாதானப் பரிசும் வந்தது. இந்தக் கதையைச் சொல்லித்தான் பல கடன் கம்பனிகள் நம் லயங்களுக்குள் வந்தன. அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று: அந்தக் கிராமத்துப் பெண்கள் கடன் வாங்குமுன்பே மூங்கில் முக்காலி முடைந்து விற்றுக் கொண்டிருந்தவர்கள். தொழில் இருந்தது, மூங்கில் வாங்கக் காசுதான் இல்லை. நம்மில் பலர் கடனை முதலில் வாங்கிவிட்டுத் தொழிலைப் பிறகு தேடுகிறோம். கடனை எடுத்துக் கூரைத் தகரம் போட்டவர்களும் உண்டு. தகரம் கிழமைக்கு ஒரு சதமும் உழைத்துத் தராது.

கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபா கடன்; கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை. மொத்தம் 65,000. "வட்டி 15,000, அதாவது 30 வீதம்" என்று கொடுப்பவர் சொல்வார். ஆனால் 50,000 ரூபா உங்கள் கையில் ஒரு வருடம் முழுவதும் இருக்கவில்லை. முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுக்கிறீர்கள். வருடத்தைச் சராசரி பார்த்தால் உங்கள் கையில் இருந்தது பாதியளவு காசுதான். அந்தப் பாதிக்கு 15,000 என்றால் உண்மையான வட்டி 50 வீதத்துக்கும் மேலே. எந்தப் போஞ்சி அவ்வளவு தரும்?

2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. வட்டிக்கு வருடத்துக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பும் அந்தக் காலத்தில்தான் வந்தது. அந்தளவுக்கு நிலைமை முற்றிப் போயிருந்தது. கடனே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மொத்தமாக எத்தனை ரூபா திருப்பிக் கட்ட வேண்டும்? அந்த முதல் கிழமைத் தவணை எந்தப் பையிலிருந்து வரும்? "சம்பளத்திலயிருந்து" என்று பதில் வந்தால் அது யாவாரக் கடன் இல்லை. சம்பளத்தை முன்கூட்டியே விற்பதுதான்.

ஓய்வுக் காசு

இனி, பாடத்திலேயே முக்கியமான இடம். ஒரு தோட்டத் தொழிலாளி வாழ்நாளில் ஒரே தடவைதான் பெரிய தொகை ஒன்றைக் கையில் பிடிக்கிறார். ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சேர்கிற காசு: தொழிலாளியின் சம்பளத்தில் குறைந்தது 8 வீதம், தோட்டம் போடுவது குறைந்தது 12 வீதம், அதற்கு வட்டியும் உண்டு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுவதும் தோட்டமே போடுகிறது. பணிக்கொடை, நம் ஆட்கள் "சர்விஸ் காசு" என்று சொல்வது, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வருகிறது. ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். நாட்சம்பளம் 1,350 என்று வைத்தால் வருடத்துக்கு 18,900. முப்பது வருடத்துக்கு 5,67,000 ரூபா. நீங்கள் வேலையை விடுகிற நாளில் உள்ள சம்பளத்தைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே பாருங்கள். வேலை நின்று 30 நாளுக்குள் அது கொடுக்கப்பட வேண்டும். அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் வேறு பேர் இருந்தால் காசு இழுபடும். ஓய்வுக்கு ஓரிரு வருடம் முன்பே அதைத் திருத்திக் கொள்ளுங்கள். தொழில் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இந்தக் காசு வருகிற செய்தி வீட்டுக்கு வருமுன் ஊருக்குத் தெரிந்துவிடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர், முப்பத்து நாலு வருடம் கவ்வாத்தும் கொந்தரப்புமாக உழைத்தவர், வந்த காசில் பெரும்பகுதியை மகனின் ஓட்டோவுக்கு முற்பணமாகக் கட்டினார். மீதி லீசிங். மகன் நல்ல பிள்ளை, குடிப்பவர் இல்லை. ஆனால் அந்தச் சந்தியில் ஏற்கெனவே பதினொரு ஓட்டோ நின்றது. பன்னிரண்டாவது வந்ததால் ஆட்கள் கூடவில்லை. ஒன்பது தவணை கட்டினார்கள், பத்தாவது முடியவில்லை. வண்டி போய்விட்டது. அந்த அப்பா இப்போது பக்கத்துக் கிராமத்தில் மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். எங்களைக் கண்டால், "அந்த ஓட்டோவெல்லாம் மொதல்ல எண்ணிப் பாத்திருக்கணும் தம்பி" என்பார். அவர் எண்ணவில்லை. அவருக்கு எண்ணச் சொல்ல நாங்களும் அங்கே இருக்கவில்லை.

ஆகவே ஓய்வுக் காசு வந்தால், ஆறு மாதத்துக்கு அதைத் தொடாமல் வங்கியில் நிலையான வைப்பில் போடுங்கள். "வங்கியில கட்டிப் போட்டுட்டேன், எடுக்க ஏலாது" என்று உறவுக்காரரிடம் சொல்லவும் அது உதவும். அந்த ஆறு மாதத்தில் நினைத்த தொழிலை மிகச் சின்னதாகச் செய்து பாருங்கள். கோழி என்றால் ஐந்து கோழி. தையல் என்றால் முதலில் அடுத்த வீட்டு மெஷினில் கூலிக்குத் தைத்துப் பாருங்கள். தோற்றால் ஐந்து கோழியோடு போகும். எப்படிப் பார்த்தாலும் மொத்தக் காசில் பாதிக்கு மேல் எந்தத் தொழிலுக்குள்ளும் போகக் கூடாது என்பது எங்கள் கருத்து. மருந்துக்கும் முதுமைக்கும் வேறு பை யாரும் தரப்போவதில்லை. பிள்ளைகள் இதற்குக் கோபிக்கலாம். அவர்களையும் உட்கார வைத்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள். படித்த பிள்ளைகள், விளங்கிக் கொள்வார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒரு பக்கத்தை நான்காகக் கோடு போடுங்கள்: திகதி, வந்தது, போனது, நம் உழைப்பு. நாலாவதில் யார் எத்தனை மணித்தியாலம் தொழிலுக்குச் செலவழித்தார்கள் என்று எழுத வேண்டும், சின்னப் பிள்ளையின் நேரத்தையும் சேர்த்து. தினமும் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் போதும். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும். இன்னும் தொழில் தொடங்காதவர்கள் வீட்டுச் செலவை மட்டும் எழுதிப் பழகுங்கள். வெற்றிலைக்கும் ரீலோடுக்கும் மாதம் எவ்வளவு போகிறது என்று பார்த்துச் சிலர் சிரிப்பார்கள், சிலர் சிரிக்க மாட்டார்கள்.

முப்பது நாள் முடிந்ததும் கணவனும் மனைவியும் சேர்ந்து கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை சரி வராவிட்டால் கிழித்துப் போடாதீர்கள். எந்த நாளில் எழுதாமல் விட்டோம் என்று தேடிப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அடுத்த மாதத்தை அடுத்த பக்கத்தில் தொடங்குங்கள்.